மைக்கல் பிராட்லி: 151 ஆட்டங்கள், ஒரு கேள்வி, பல பின்குறிப்புகள்

வாசகர் கேள்வி | 18 ஒக்டோபர் 2023

ரொறன்ரோ கழகத்தில் ஆடும் அமெரிக்க உதைபந்தாட்ட வீரர் மைக்கல் பிராட்லி ஓய்வு பெறப்போவதாக நேற்று அறிவித்ததிலிருந்து ரொறன்ரோக்காரர்கள் எல்லோரும் உருகிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு விளங்கவில்லை. தந்தை பயிற்றுநராக இருந்ததால் இடம் கிடைத்தது. 26 வயதில் இத்தாலியின் ரோமா கழகத்தை விட்டுப் பணத்துக்காக இங்கே வந்தார். 2014 உலகக் கிண்ணத்தில், பிரேசிலின் மனாவுஸ் நகரில், போர்த்துக்கலுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் பந்தைப் பறிகொடுத்தார். 2018 உலகக் கிண்ணத்துக்கு அமெரிக்கா போக முடியாமற் போனபோது அணித்தலைவர் அவர்தான். இப்படிப்பட்ட ஒருவர் தேசிய அணிக்கு 151 ஆட்டங்கள் ஆடியது, அமெரிக்க உதைபந்தாட்டத்தின் வறுமையை அன்றி வேறு எதைக் காட்டுகிறது?

19 ஒக்டோபர் 2023

நான்கு குற்றச்சாட்டுகளை நான்கு வரியில் அடுக்கிவிட்டீர்கள்; பதில் அவ்வளவு சுருக்கமாக வராது. இரவு வேலைக்குப் போகுமுன் முதலாவதை மட்டும் எடுக்கிறேன்.

தந்தை பொப் பிராட்லி மகனுக்குக் கதவைத் திறந்துவிட்டார் என்பதை நான் மறுக்கவில்லை. 2004 இல், வட அமெரிக்காவின் எம்.எல்.எஸ். லீக்கில் ஆடிய மெட்ரோஸ்டார்ஸ் கழகத்தின் பயிற்றுநராக இருந்தவர் பொப். புதிய வீரர்களைக் கழகங்கள் முறைவைத்துத் தெரிவுசெய்யும் நிகழ்வில், 36 ஆவது ஆளாகத் தன் 16 வயது மகனையே எடுத்தார். ஆனால் மகனின் முதலாவது தொழில்முறைக் கோல் எப்போது வந்தது என்று பாருங்கள். 2005 பருவத்தின் இறுதி ஆட்டத்தில், சீவாஸ் யூஎஸ்ஏ அணிக்கு எதிராக வந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் அதே கழகம் பொப்பைப் பதவியிலிருந்து நீக்கியிருந்தது. தந்தையை வீட்டுக்கு அனுப்பிய கழகத்தை மகன் அடித்த கோல் அடுத்த சுற்றுக்கு அனுப்பியது.

தேசிய அணியிலும் அவரை முதன்முதலாக, 2006 மே மாதம் வெனிசுவேலாவுக்கு எதிராகக் களமிறக்கியவர் அப்போதைய தேசியப் பயிற்றுநர் புரூஸ் அரீனா. பொப் அந்தப் பதவிக்கு வந்தது அவ்வாண்டின் இறுதியில். 2011 இல் பொப் போய்விட்டார். அதன் பின்னரும் எட்டு ஆண்டுகள் மகன் ஆடினார். பொப்புக்கு அடுத்து வந்த கிளின்ஸ்மன் அவரை அணித்தலைவராக்கினார், திரும்பி வந்த அரீனா அப்படியே வைத்துக்கொண்டார், பின்னர் பேர்ஹால்ரரும் அழைத்தார். இவர்களில் யாரும் அவருக்குச் சித்தப்பா முறை அல்லர்.

எனக்கும் இந்த முணுமுணுப்புப் பழக்கமானதுதான். என் மகன் ஸ்காபரோவில் ஒன்பது வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடிய கோடையில், பயிற்றுநரின் பையன் ஒரு நிமிடம்கூட வெளியே உட்காரவில்லை. மடக்கு நாற்காலிகளில் வரிசையாக இருந்த பெற்றோரில் அதிகம் முணுமுணுத்தவன் நான்தான். ஒரு நாள் வீட்டுக்குத் திரும்பும்போது மகன் சொன்னான்: "அப்பா, அவன் இல்லாவிட்டால் எங்களுக்குப் பந்து வராது." அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை.

20 ஒக்டோபர் 2023

நேற்று எழுதியதில் ஹீரன்வீனை விட்டுவிட்டேன். தந்தையின் செல்வாக்கு என்ற வாதத்துக்கு அதைவிட நேரடியான பதில் இல்லை. 18 வயதில், 2006 ஜனவரியில், நெதர்லாந்தின் பிரீஸ்லாந்து மாகாணத்துக் கழகம் ஒன்றுக்குப் போனார். அங்கே பொப் பிராட்லி யார் என்று தெரிந்தவர் இருந்திருப்பாரா என்பதே சந்தேகம். 2007-08 பருவத்தில் லீக்கில் மட்டும் 16 கோல்கள் அடித்தார். மத்தியகள வீரர் ஒருவர், இருபது வயதில், 16 கோல்கள். பின்னாளில் அவரைப் பின்களத்தின் முன்னே தூண்போல நிற்பவராக மட்டுமே பார்த்தவர்களுக்கு இது நம்பமுடியாததாக இருக்கும்.

அந்தப் பழக்கம் தேசிய அணிக்கும் வந்தது. 2009 பெப்ரவரியில் கொலம்பஸ் நகரில் மெக்சிக்கோவை அமெரிக்கா 2-0 என வென்றபோது இரண்டு கோல்களும் அவருடையவை. அடுத்த ஆண்டு உலகக் கிண்ணத்தில், ஜொகன்னஸ்பேர்க்கில், ஸ்லோவேனியாவுக்கு எதிராக இடைவேளையில் 0-2 எனப் பின்தங்கியிருந்த ஆட்டத்தை 82 ஆவது நிமிடத்தில் சமப்படுத்தியவரும் அவரே. சக வீரர் அல்ரிடோர் தலையால் இறக்கிக் கொடுத்த பந்தை நோக்கி மைதானத்தின் நடுவிலிருந்து ஓடிவந்து, கோல் காப்பாளருக்கு மேலாகத் தூக்கி அடித்தார். அதன் பின் அமெரிக்க வீரர் மொரிஸ் எடு அடித்த கோலை மத்தியஸ்தர் ஏன் மறுத்தார் என்பதற்கு இன்றுவரை விளக்கம் இல்லை. அந்தக் கோபத்தில் பிராட்லியின் கோலை எல்லோரும் மறந்துபோனார்கள்.

20 ஒக்டோபர் 2023, இரவு

விளையாட்டுக் குடும்பம் என்பதற்கு ஒரு சின்ன வேடிக்கை. பொப்பின் தம்பி ஸ்கொட் பிராட்லி பேஸ்போல் வீரர். சியாட்டில் மரினர்ஸ் அணியில் பந்து பிடிப்பவராக ஆடியவர். சித்தப்பாவுக்குச் சம்பளம் கொடுத்த அதே நகரத்தின் உதைபந்தாட்ட அணியை மைக்கல் மூன்று லீக் இறுதியாட்டங்களில் எதிர்கொண்டு இரண்டில் தோற்றார். குடும்பக் கடனை வட்டியோடு வாங்கிவிட்டது சியாட்டில்.

22 ஒக்டோபர் 2023

நேற்று அவருடைய கடைசி ஆட்டம். வேலைநேரத்தை மாற்ற முடியாததால் நான் போகவில்லை. லீக் அட்டவணையின் அடிமட்டத்தில் கிடக்கும் ஓர் அணியோடு, தொடைத்தசை உபாதையால் பருவத்தின் பெரும்பகுதியை இழந்த நிலையில், தந்தை மீண்டும் ஒரு முறை (இம்முறை ரொறன்ரோவிலிருந்து) ஜூன் மாதத்தில் நீக்கப்பட்ட பின்னர், விடைபெற்றிருக்கிறார். தந்தையை நீக்கிய இரண்டாவது கழகத்திலும் மகன் எஞ்சி நின்று ஆடினார் என்பதை முதற் குறிப்போடு சேர்த்து வாசிக்கவும்.

போகாமல் இருந்ததற்கு ஈடாக ஒன்றை எழுதிவைக்கிறேன். 2016 கோடையில் ஓர் ஆட்டத்துக்கு மகனுடன் போயிருந்தேன். கிழக்கு அரங்கின் கீழ்வரிசை. பத்து நிமிடங்களுக்குப் பந்தைப் பார்ப்பதில்லை, நான்காம் இலக்கத்தை மட்டுமே பார்ப்பது என்று எங்களுக்குள் ஒரு பந்தயம். மொட்டைத்தலை என்பதால் தேடும் சிரமம் இல்லை. விளக்கொளியில் அது தனியாகவே மின்னியது. அந்தத் தலை ஓயாமல் திரும்பிக்கொண்டிருந்தது. இடது தோளுக்கு மேலால் ஒரு பார்வை, வலது தோளுக்கு மேலால் ஒரு பார்வை, பின்னர் பந்து, மீண்டும் தோள். பந்து வந்து சேருமுன் அவர் அதை எங்கே அனுப்புவது என்று முடிவெடுத்துவிடுகிறார். அது போக, பந்து எதிரணியிடம் இருக்கும்போது இரண்டடி இடப்பக்கம் நகர்கிறார்; அவ்வளவுதான். எதிரணி வீரர் முன்னே அனுப்ப நினைத்த பந்தைப் பின்னுக்கு அனுப்பிவிடுகிறார். அனுப்பப்படாத அந்தப் பந்துக்கு எந்தப் புள்ளிவிபரத்திலும் இடமில்லை. தொலைக்காட்சி பந்தையே தொடர்வதால், அந்த இரண்டடி நகர்வை நான் அதுவரை வீட்டிலிருந்து ஒருமுறையும் கண்டதில்லை.

மகன் எட்டாவது நிமிடத்தில் தோற்றுப் பந்தைப் பார்த்துவிட்டான். எங்கள் முன்கள வீரர் ஜொவின்கோ அப்போது ஏதோ செய்தார்.

26 ஒக்டோபர் 2023

இரண்டாவது குற்றச்சாட்டு: ரோமா. இதில் நான் உங்களோடு பாதித்தூரம் வருகிறேன்.

ஐரோப்பிய வரிசையைச் சுருக்கமாகச் சொன்னால்: ஹீரன்வீனுக்குப் பிறகு ஜேர்மனியில் மொன்சன்கிளாட்பாக், இங்கிலாந்தில் அஸ்ரன் வில்லாவில் இரவலாகச் சில ஆட்டங்கள், பின்னர் இத்தாலியில் கியேவோ. கியேவோவில் ஒரு பருவம் அவர் ஆடியதைப் பார்த்தே 2012 இல் ரோமா வாங்கியது. 2012 பெப்ரவரியில் ஜெனோவாவில் அமெரிக்கா இத்தாலியை முதன்முறையாக வென்றபோது, அந்த மண்ணில் வாழ்ந்து ஆடும் ஒருவராகவே அவர் மத்தியகளத்தில் நின்றார்.

ரோமாவில் முதற் பருவம் நன்றாகவே போனது. இரண்டாவது பருவத்தில் ரூடி கார்சியா பயிற்றுநராக வந்தார். டி ரொஸ்ஸி, ஸ்ரூட்மன், பியானிச் என்று மூவர் மத்தியகளத்தில் நிலைத்துவிட்டார்கள். அந்தப் பருவத்தின் முதற் பத்து ஆட்டங்களையும் ரோமா வென்றது நினைவிருக்கலாம். அவற்றில் ஒன்பதாவது, உடினேயில், மைக்கோன் சிவப்பு அட்டை பெற்றுப் பத்துப் பேராகக் குறைந்த பின்னர், மாற்று வீரராக வந்த பிராட்லி 82 ஆவது நிமிடத்தில் அடித்த கோலால் வென்றது. அதன் பின்னரும் அவருக்கு நிலையான இடம் கிடைக்கவில்லை. 2014 ஜனவரியில் நைங்கொலானையும் வாங்கினார்கள். உலகக் கிண்ணத்துக்கு ஐந்து மாதங்கள் இருக்க, 26 வயதில், நான்காவது அல்லது ஐந்தாவது தெரிவாக வாங்கில் இருப்பதா, அல்லது வருடத்துக்கு 6.5 மில்லியன் டொலர் வாங்கிக்கொண்டு ஓர் அணியை முதுகில் சுமப்பதா? இந்தக் கேள்விக்கு இரண்டாவது விடையைச் சொல்லாதவர் இந்த இழையில் கையை உயர்த்தட்டும்.

பாதித்தூரம் என்றேன் அல்லவா? அந்த ஆண்டு ஒக்டோபரில் கிளின்ஸ்மன், பிராட்லியும் சக அமெரிக்க வீரர் டெம்ப்சியும் இந்த லீக்குக்கு வந்த பின் பழைய தரத்தைத் தக்கவைப்பது கடினம் என்று வெளிப்படையாகச் சொன்னார். லீக்கின் ஆணையாளர் டொன் கார்பர் வெகுண்டு செய்தியாளர்களை அழைத்துப் பதில் கொடுத்தார். அன்று நான் கார்பர் பக்கம். இன்று அந்தக் காலத்து ஆட்டங்களை நினைக்கும்போது கிளின்ஸ்மன் சொன்னதில் உண்மை இருந்தது என்றே படுகிறது. ரோமாவில் பந்தை ஒரு தொடுகையில் விடாவிட்டால் பறித்துவிடுவார்கள். இங்கே இரண்டாவது, மூன்றாவது தொடுகைக்கும் அவகாசம் உண்டு. மனித உடல் அவகாசத்துக்கு வெகு சீக்கிரம் பழகிவிடும். இதை எழுதுவதற்கு எனக்கு விருப்பமில்லை.

27 ஒக்டோபர் 2023

பணம் பற்றி ஒரு வரி. அவரோடு ஒரே மேடையில் அறிமுகமான ஜெர்மைன் டிபோ ஒரு வருடத்தில் இங்கிலாந்து திரும்பிவிட்டார். பிராட்லி பத்துப் பருவங்கள் இருந்தார். பணத்துக்காக வந்தவர்கள் இருவர் என்றே வைத்துக்கொண்டாலும், ஒருவர்தான் பனிக்காலத்தைப் பழகிக்கொண்டார்.

3 நவம்பர் 2023

நேற்று நண்பர் ஒருவரிடம் 2016 இறுதியாட்டத்தைப் பற்றிப் பேசும்போது "பிராட்லி பெனால்டியைத் தவறவிட்டதால் தோற்றோம்" என்று சொன்னேன். ஏழு ஆண்டுகளாக அப்படித்தான் சொல்லிவருகிறேன். இரவு வீட்டுக்கு வந்து காணொளியைப் பார்த்தேன். நான் சொல்லிவந்தது தவறு.

2016 டிசெம்பர் 10, ரொறன்ரோவின் சொந்த மைதானம், எலும்பைத் துளைக்கும் குளிர். 120 நிமிடங்களில் சியாட்டில் இலக்கை நோக்கி ஓர் உதைகூட உதைக்கவில்லை. அல்ரிடோரின் தலையால் முட்டிய பந்தை சியாட்டில் காப்பாளர் ஸ்ரெபான் பிரை பின்னோக்கிப் பாய்ந்து ஒற்றைக் கையால் வெளியே எடுத்ததை இந்த ஊரில் யாரும் மன்னிக்கவில்லை. கோல் இன்றி முடிந்து தண்டனை உதைகள். எங்கள் இரண்டாவது உதை பிராட்லியுடையது, பிரை தடுத்துவிட்டார். என் நினைவு அங்கேயே உறைந்துபோயிருந்தது. ஆனால் அடுத்து வந்த சியாட்டிலின் பெர்னாண்டஸ் உதைத்ததை எங்கள் காப்பாளர் கிளின்ட் இர்வின் தடுத்துவிட்டார். கணக்குச் சமனாகிவிட்டது! பின்னர் வரிசையாக எல்லோரும் அடித்தார்கள். ஆறாவது சுற்றில் எங்கள் ஜஸ்ரின் மொரோ உதைத்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டது. சியாட்டிலின் ரோமன் ரொரெஸ் அடித்து முடித்தார்.

மொரோவை இந்த ஊரில் யாரும் குற்றம் சொல்லிக் கேட்டதில்லை, நான் உட்பட. பிராட்லியின் பெயர் மட்டும் ஏன் ஒட்டிக்கொண்டது என்று யோசித்தேன். அணித்தலைவர், அதிக சம்பளம், ஏற்கெனவே மனாவுஸ். மூன்றும் சேர்ந்து, நான் பார்க்காத ஒன்றை எனக்குக் காட்டியிருக்கின்றன. பத்து நிமிடங்கள் அவரை மட்டுமே பார்த்ததாக மேலே பெருமையடித்தவனும் நானே.

4 நவம்பர் 2023

திருத்தத்துக்கு ஒரு பின்னிணைப்பு. அந்த இறுதியாட்டத்துக்கு நாம் வந்ததே அவரால். மொன்றியலோடு அரையிறுதியின் முதலாவது ஆட்டம், ஒலிம்பிக் மைதானம். தண்டனைப் பெட்டியின் கோடுகளைத் தவறான அளவில் வரைந்துவிட்டு, ஆட்டம் தொடங்கும் நேரத்தில் கண்டுபிடித்து, அழித்து, மீண்டும் பூசியதில் அரை மணிநேரத்துக்கும் மேல் தாமதம். தொலைக்காட்சியில் ஆட்கள் அளவுநாடாவோடு குனிந்து நிற்பதை வேடிக்கை பார்த்தோம். பின்னர் மொன்றியல் 3-0 என முன்னேறியபோது வேடிக்கை போய்விட்டது. அல்ரிடோர் ஒன்று, ஐந்து நிமிடங்களில் பிராட்லி ஒன்று. 3-2. அந்த இரண்டு கோல்களும் இல்லாமல் இங்கே மழையில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் 5-2 என வென்றிருந்தாலும் மேலதிக நேரத்துக்கே வழி இருந்திருக்காது.

அவசரத்தில் எழுதிய கணக்கு. சரிபார்க்கிறேன்.

4 நவம்பர் 2023, பின்னர்

சரிபார்த்தேன். இங்கே 90 நிமிட முடிவில் 3-2. மேலதிக நேரத்தில் இன்னும் இரண்டு. அங்கே 3-0 எனத் தோற்றிருந்தால், இங்கே 3-2 என வென்ற இடத்தோடு கதை முடிந்திருக்கும். சொன்னது சரி, சொன்ன விதம்தான் சிக்கல்.

10 டிசெம்பர் 2023

நேற்றோடு ஆறு ஆண்டுகள். 2017 ஒக்டோபர் 10 அன்று ட்ரினிடாட்டின் கூவாவில் உலகக் கிண்ண வாய்ப்பை இழந்த அணியின் தலைவர், டிசெம்பர் 9 அன்று ரொறன்ரோவில் லீக் கிண்ணத்தைத் தூக்கினார். இடையே அறுபதே நாட்கள். அந்த இடைவெளியில் அமெரிக்க நகரங்களில் ஆடும்போது, பந்து அவரிடமும் அல்ரிடோரிடமும் வரும்போதெல்லாம் சொந்த நாட்டு மக்களே கூச்சலிட்டார்கள். எல்லைக்கு இப்பால் கனேடியர்கள் அவருக்காகப் பாடினார்கள். அமெரிக்க அணித்தலைவர் கனேடியக் கிண்ணத்தையும் சேர்த்தே அந்த ஆண்டு வாங்கினார் என்பது தனி வேடிக்கை. லீக்கில் 69 புள்ளிகளோடு முதலிடம், கனேடியக் கிண்ணம், லீக் கிண்ணம் என்று மூன்று.

2017 இறுதியாட்டத்தை நான் தென் அரங்கில் நின்று பார்த்தேன். மீண்டும் சியாட்டில், மீண்டும் பிரை, மீண்டும் பந்து உள்ளே போக மறுத்தது. எங்கள் பயிற்றுநர் கிரெக் வானி வழக்கமான மூவர் பின்களத்தை விட்டு, மத்தியகளத்தை வைரக்கல் வடிவில் அமைத்திருந்தார். அதன் கீழ்முனையில் பிராட்லி தனியாக. சியாட்டில் பந்தை மீட்டு முன்னே அனுப்பப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்த மொட்டைத்தலை அங்கே முன்கூட்டியே நின்றது. 67 ஆவது நிமிடத்தில் அல்ரிடோர் கோலடித்தபோது எனக்கு முன்னால் நின்றவரின் தேநீர் முழுவதும் என் மேலங்கியில். உபாதையீடு நேரத்தில் வாஸ்குவெஸ் இரண்டாவதை அடித்தபோது அது உறைந்துபோயிருந்தது.

23 பெப்ரவரி 2024

தந்தை பொப் நோர்வேயின் ஸ்ராபெக் கழகத்துக்குத் திரும்பியிருக்கிறார். மைக்கல் உதவிப் பயிற்றுநராகக் கூடவே போயிருக்கிறார். கேள்வி கேட்டவர் இதை வைத்து மீண்டும் தொடங்குவார் என்று எதிர்பார்க்கிறேன். இம்முறை எனக்கும் மறுமொழி இல்லை. மகன் தந்தையின் கடையில்தான் வேலை பழகுகிறார்.

22 ஜூன் 2024

மனாவுஸ், பத்து ஆண்டுகள். முழு ஆட்டத்தையும் மீண்டும் பார்த்தேன்.

முதலில் வெப்பம். முதற் பாதியிலேயே தண்ணீர் குடிக்க ஆட்டத்தை நிறுத்தினார்கள். நானியின் கோலால் போர்த்துக்கல் முன்னிலை. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் காப்பாளர் இல்லாத கோலை நோக்கி பிராட்லி அடித்த பந்து ரிக்கார்டோ கொஸ்ராவின் முழங்காலில் பட்டுத் திரும்பியது. அது உள்ளே போயிருந்தால் மனாவுஸ் என்ற சொல்லுக்கு அவர் வாழ்க்கையில் வேறு பொருள் இருந்திருக்கும். பிறகு ஜோன்ஸ், பிறகு டெம்ப்சி, 2-1. 95 ஆவது நிமிடம். மைதானத்தின் நடுவில் பந்து பிராட்லியிடம் வருகிறது, முதற் தொடுகை கனத்துவிடுகிறது, நெருக்கிப் பறித்துவிடுகிறார்கள், ரொனால்டோ வலப்பக்கத்திலிருந்து உள்ளே அனுப்ப, வரேலா தலையால் முட்டுகிறார். 2-2.

நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தவறு அவருடையதே, மழுப்ப இடமில்லை. ஆனால் பந்து பறிபோன இடத்துக்கும் கோலுக்கும் இடையே அரை மைதானம் இருக்கிறது. ரொனால்டோவுக்கு நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்கிறது. வரேலாவை அடையாளம் வைத்து நின்றவர் யாரும் இல்லை. அமெரிக்கா அந்தக் குழுவிலிருந்து எப்படியும் அடுத்த சுற்றுக்குப் போனது; வீட்டுக்குப் போனது போர்த்துக்கல். அந்த உலகக் கிண்ணத்தின் குழுநிலை முடிவில் அதிக தூரம் ஓடிய வீரர் யார் என்று பார்த்தால் அங்கேயும் பிராட்லி: மூன்று ஆட்டங்களில் 38 கிலோமீற்றர் அளவில்.

அந்த ஓட்டமே சிக்கல் என்று இப்போது நினைக்கிறேன். கிளின்ஸ்மன் அவரை முன்களத்துக்குச் சற்றுப் பின்னே, கோலுக்கு முதுகு காட்டிப் பந்தை வாங்கும் இடத்தில் நிறுத்தினார். தோளுக்கு மேலாகப் பார்த்து முழு மைதானத்தையும் தன் முன்னே வைத்து ஆடுபவரை, மைதானத்துக்கு முதுகு காட்ட வைத்தால் என்ன ஆகும்? பெல்ஜியத்துக்கு எதிரான ஆட்டத்தின் மேலதிக நேரத்தில் சற்றே பின்னுக்கு வந்து நின்றபோது, பின்களத்துக்கு மேலாகத் தூக்கி ஒரு பந்து கொடுத்தார். ஜூலியன் கிரீன் கோலடித்தார். அவர் நின்றிருக்க வேண்டிய இடம் அதுவே.

பானையில் எங்கே ஓட்டையோ அங்கே அவரை வைத்து அடைத்தார்கள். தந்தை காலத்தில் இரு தண்டனைப் பெட்டிகளுக்கும் இடையே ஓடுபவர், கிளின்ஸ்மன் காலத்தில் முன்னே, அரீனா காலத்தில் பின்னே தனியாக. ஒழுகியபோதெல்லாம் அடைப்பைத்தான் திட்டினோம்.

11 ஒக்டோபர் 2024

கூவாவையும் பார்த்துவிட்டேன். இரண்டு முறை.

முதலில் 2017 இன் மற்ற மாதங்களை நினைவுபடுத்துகிறேன். ஜூன் 11, மெக்சிக்கோவின் அஸ்தேகா மைதானம், ஆறாவது நிமிடம்: ஹெர்னாண்டஸ் பின்னோக்கி அனுப்பிய பந்தை இடைமறித்து, ஓரிரு அடி ஓடி, நாற்பது யார் தூரத்திலிருந்து ஒச்சோவாவின் தலைக்கு மேலாக அனுப்பினார். அந்த ஆட்டம் 1-1. ஜூலையில் வட அமெரிக்க வலய நாடுகளின் கோல்ட் கப், அத்தொடரின் சிறந்த வீரரும் அவரே. ஆகவே ஒக்டோபரில் அவர் தளர்ந்து கிடந்தார் என்ற கதை பொருந்தவில்லை.

ட்ரினிடாட் ஏற்கெனவே வெளியேறிவிட்ட அணி. அமெரிக்காவுக்கு ஒரு சமநிலையே போதும். முன்தினம் மைதானத்தைச் சுற்றியிருந்த ஓடுபாதையில் வெள்ளம் நின்று, வீரர்களைத் தூக்கிச் சென்ற படங்கள் வந்திருந்தன. பனாமாவை நான்கு நாட்களுக்கு முன்னர் 4-0 என வென்ற அதே பதினொருவரை அரீனா மீண்டும் இறக்கினார். அல்ரிடோர், வூட், புலிசிக், நக்பே, அரியோலா எல்லோரும் முன்னே. மத்தியகளத்தின் பின்பாதி முழுவதும் பிராட்லி ஒருவர் கையில். சொந்தக் கோல் ஒன்று, அல்வின் ஜோன்ஸ் தொலைவிலிருந்து அடித்தது ஒன்று, புலிசிக் திருப்பிக் கொடுத்தது ஒன்று, அமெரிக்கா 1-2 எனத் தோற்றது. அதே வேளையில் பனாமாவும் ஹொண்டுராஸும் வென்றுவிட்டன.

முதன்முறை பார்த்தபோது "பார், அவரைத் தனியே விட்டுவிட்டார்கள்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது முறை, ரொறன்ரோ அரங்கில் செய்ததுபோல் அவரை மட்டும் பார்த்தேன். தலை திரும்புகிறது. கை நீட்டிக் காட்டுகிறார். கால் போகவில்லை. அந்த இரண்டடி நகர்வு ஒவ்வொரு முறையும் அரை நொடி பிந்துகிறது. நான்கு நாட்களில் இரண்டாவது ஆட்டம், முப்பது வயது, ஈரத்தில் கனத்த புல். அருகே இன்னொருவர் இருந்திருந்தால் அந்த அரை நொடி தெரிந்திருக்காது. அதை அவரே பக்கவாட்டுக்குப் போய்ப் பயிற்றுநரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்றும் தோன்றுகிறது; அணித்தலைவர் வேறு எதற்கு? என் வாதத்தில் பாதியை நானே விட்டுக்கொடுக்கிறேன். நான்காவது குற்றச்சாட்டை முழுதாகத் தள்ளுபடி செய்ய என்னால் முடியாது.

12 ஒக்டோபர் 2024

வேறு இறுதியாட்டத்திலும் தண்டனை உதையைத் தவறவிட்டாரா என்று கேட்டதற்குப் பதில்: 2018 வட அமெரிக்க வலயச் சம்பியன்ஸ் லீக் இறுதியில், மெக்சிக்கோவின் குவாதலஹாராவிலும் அவர் தண்டனை உதையைக் கம்பத்துக்கு மேலால் அனுப்பினார், ஆம். எங்கள் ஒசோரியோவின் உதையும் குறுக்குக் கம்பத்தில் பட்டது, வழமையான நேரத்தின் முடிவில் எங்கள் டெல்காடோ ஆளில்லாத இடத்திலிருந்து வாய்ப்பைத் தவறவிட்டார். இப்போது முழுப் பட்டியலையும் சொல்லப் பழகிவிட்டேன்.

பெனால்டி அவருக்கு வரவே வராது என்பது உறுதி. மூலை உதையிலிருந்து நேரடியாகவே பனாமாவுக்கு எதிராகக் கோலடித்த காலை வைத்துக்கொண்டு, பன்னிரண்டு யாரில் இப்படி.

16 டிசெம்பர் 2025

இழை ஒரு வருடமாகத் தூங்கியது. எழுப்புவதற்குக் காரணம் இருக்கிறது.

நியூயோர்க் ரெட் புல்ஸ் கழகம் மைக்கல் பிராட்லியைத் தலைமைப் பயிற்றுநராக நியமித்திருக்கிறது. அவர் அந்தக் கழகத்தின் இரண்டாவது அணியை இந்த ஆண்டு பொறுப்பேற்று, எம்.எல்.எஸ். நெக்ஸ்ட் புரோ கிண்ணத்தை வென்றுகொடுத்த பின்னர் வந்த பதவி உயர்வு இது. 2006 இல் பெயரை மாற்றிக்கொண்ட அந்தக் கழகத்தின் முந்தைய பெயர் மெட்ரோஸ்டார்ஸ். தந்தை 36 ஆவது ஆளாக எடுத்த, தந்தையை நீக்கிய, மகனின் முதற் கோலால் அடுத்த சுற்றுக்குப் போன அதே கழகம். இம்முறை பொப் அங்கே எந்தப் பதவியிலும் இல்லை என்பதைக் கேள்வி கேட்டவரின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

மகனுக்கு இப்போது மீசை அரும்பிவிட்டது, உதைபந்தாட்டத்தை விட்டுவிட்டான். இருந்தாலும் ரெட் புல்ஸ் இங்கே ஆடவரும் நாளில் வருவதாகச் சொல்லியிருக்கிறான். பயிற்றுநர்கள் நிற்கும் பக்கத்தில் இருக்கை தேடுகிறேன். பத்து நிமிடங்கள், பந்தைப் பார்ப்பதில்லை. பந்தயத் தொகை இருபது டொலராக உயர்ந்துள்ளது.